ஊரடங்கில் உங்கள் வீட்டு மீட்டர் ஏன் ஓடியது?

உங்கள் வீட்டு இ.பி. கார்டு கைவசம் இருக்கிறதா? மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குமே, அந்த வெள்ளை அட்டையைத்தான் சொல்கிறேன். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், 2020-ஆம் ஆண்டு வரிகளைக் கொஞ்சம் பாருங்கள். மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் பல வீட்டு அட்டைகளில் ஒரு தடவை ரீடிங்கே இருக்காது. அடுத்த தடவை எழுதியிருக்கும் எண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

அதே மாதங்களில் நாடு முழுவதும் என்ன நடந்தது தெரியுமா? மின்சாரப் பயன்பாடு குறைந்தது! அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. 2019 ஏப்ரலில் இந்தியா முழுவதும் செலவான மின்சாரம் சுமார் 11,000 கோடி யூனிட். 2020 ஏப்ரலில் சுமார் 8,450 கோடி யூனிட்தான். ஏறக்குறைய 23 சதவீதம் சரிவு. மே மாதம் சரிவு 15 சதவீதம் அளவுக்கும், ஜூனில் 11 சதவீதம் அளவுக்கும் வந்தது. செப்டம்பரில்தான் மறுபடி முந்தைய ஆண்டைத் தாண்டியது.

நாட்டில் குறைகிறது, வீட்டில் கூடுகிறது. இது எப்படி? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை இந்தப் பக்கத்தில் வருகிறது.

யார் எவ்வளவு இழுக்கிறார்கள்?

இந்தியாவில் செலவாகும் மின்சாரத்தில் தொழிற்சாலைகள் மட்டும் சுமார் 40 சதவீதம் எடுத்துக் கொள்கின்றன. வீடுகளின் பங்கு கால் பகுதி அளவு. மீதி விவசாய பம்ப்செட், கடைகள், அலுவலகங்கள், ரயில் என்று போகிறது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது அந்த 40-இல் பெரும் பகுதி ஒரே இரவில் படுத்துவிட்டது. மில் இல்லை, லேத் பட்டறை இல்லை, ஐ.டி. கட்டடங்களில் சென்ட்ரல் ஏ.சி. இல்லை, மின்சார ரயில் இல்லை. வீடுகளில் எவ்வளவுதான் பேன் சுற்றினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

நம் ஊர் இதற்கு நல்ல உதாரணம். போடிநாயக்கனூரில் பெரிய ஆலைகள் அதிகம் இல்லை. ஆனால் ஏலக்காய் இருக்கிறது. மலைமேல் தோட்டங்களில் பறித்து, ஸ்டோரில் காய வைத்த காய் கீழே போடிக்கு வருகிறது. இங்கே குடோன்களில் தூசு தட்டி, சலித்து, ‘எட்டு எம்.எம்.’, ‘ஏழு எம்.எம்.’ என்று பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். ஏல அறையில் வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டி விலை ஏற்றுவார்கள். கையைத் தூக்கிக் குரல் கொடுத்து ஏலம் கேட்ட காலம் போய் இது வந்து பல வருடங்கள் ஆகின்றன.

2020 மார்ச்சில் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்தது. ஏலம் நின்றது. இரண்டு மாதத்துக்கு மேல் நடக்கவே இல்லை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு எல்லை மூடப்பட்டது. நாள் கூலியை நம்பிய வீடுகளுக்கு வருமானம் நின்றது. குடோன் மோட்டார்கள் ஓடவில்லை, ஏல அறையின் மானிட்டர்கள் கறுப்பாக இருந்தன. ஆனால் அந்தத் தொழிலாளி வீட்டிலும் வியாபாரி வீட்டிலும் பகல் முழுவதும் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். வெளியே சித்திரை வெயில். பேனை யார் நிறுத்துவார்?

வருமானம் இல்லாத மாதத்தில் மின்கட்டணம் ஏறுவது என்பது இப்படித்தான் நடந்தது.

கம்ப்யூட்டரா, பேனா?

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சென்னை அலுவலகம் லேப்டாப்பைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பியது. போடி வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் என் அலுவலகம். தெருவில் என்னைப் போல இன்னும் நான்கைந்து பேர். கூடவே கல்லூரி ஆன்லைன் வகுப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி தொலைக்காட்சி. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்கள் பீரோவிலிருந்து வெளியே வந்தன. “நீ நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் போட்டு வச்சிருக்க, அதான் கரண்டு இப்படி ஓடுது” என்று எல்லா வீட்டிலும் ஒரு குரல் கேட்டது. அது சரியா? கணக்குப் போட்டுப் பார்த்து விடுவோம்.

1000 வாட்ஸ் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

சாதாரண லேப்டாப் வேலை செய்யும்போது 45 வாட்ஸ் இழுப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 0.45 யூனிட். நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. எனவே 60 நாளுக்கு 27 யூனிட். டெஸ்க்டாப் என்றால் சிபியூவும் எல்.சி.டி. மானிட்டரும் சேர்த்து 120 வாட்ஸ் வரை போகலாம். அதே பத்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 72 யூனிட். பிராட்பேண்ட் மோடம் வெறும் 10 வாட்ஸ்தான். ஆனால் இரவு பகலாக ஓடுவதால் 14 யூனிட் ஆகிவிடும்.

தலைக்கு மேல் சுற்றுகிற பழைய சீலிங் பேன் 75 வாட்ஸ். பத்து மணி நேரம், அறுபது நாள். 45 யூனிட்! லேப்டாப்பைவிட அதிகம். என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? நீங்கள் வேலை செய்வதற்காக ஓடும் பேன், நீங்கள் வேலை செய்யும் லேப்டாப்பைவிட அதிக மின்சாரம் எடுக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அதன் முன்னால் கம்ப்யூட்டர் கொசு.

போடிமெட்டில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தால் பேனே வேண்டியதில்லை, குளிரும். ஆனால் அங்கே சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போக வேண்டும், அது வேறு கதை.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கு வரும். “என் சிபியூவில் 450 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதே?” என்பார்கள். அது உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதிகபட்சம் கொடுக்கக் கூடிய அளவு. எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை. டைப் செய்வது, இன்டர்நெட் பார்ப்பது போன்ற வேலைகளில் அதில் ஒரு சிறு பகுதிதான் செலவாகும். கேம்ஸ் விளையாடும்போது கூடும்.

501-ஆவது யூனிட்

சரி, 27 யூனிட்டும் 45 யூனிட்டும் சேர்ந்து 72 யூனிட் கூடினால் என்ன பெரிய பணம்? அது உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2020-இல் இருந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய், 201 முதல் 500 வரை 3 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டாலோ, அடுத்த 100-க்கு 3.50, அதன் பிறகு 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60. (200 யூனிட்டுக்குள் முடிப்பவர்களுக்கு இன்னும் மலிவு.) தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே ஓடிய யூனிட்களுக்கும் விலை மாறிவிடும். கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நிலைக்கட்டணத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம். 500 யூனிட் ஓடினால் 1,100 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 1,736 ரூபாய் 60 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 636 ரூபாய் 60 காசு! வழக்கமாக 450 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு லேப்டாப்பும் ஒரு பேனும் சேர்ந்தால் 522. இப்போது புரிகிறதா, வீட்டில் ஏன் அந்தக் குரல் கேட்டது என்று?

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஊரடங்கில் கணக்கெடுக்க வீடு வீடாக ஆள் அனுப்ப முடியவில்லை. எனவே முந்தைய தடவை கட்டிய தொகையையே கட்டச் சொன்னது அப்போதைய டான்ஜெட்கோ. பிறகு ரீடிங் எடுத்தபோது நான்கு மாத யூனிட்டையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு பில்லாகக் கணக்கிட்டு, கட்டிய தொகையைக் கழித்தார்கள். கூடுதலாக வாங்குகிறார்கள் என்று பெரிய சத்தம் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், 2020 ஜூலையில் தள்ளுபடி ஆனது.

இரண்டாகப் பிரித்தது நமக்கு லாபமா, நஷ்டமா? எக்செல்லில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை: இரண்டும்தான்.

முதல் வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் 400 யூனிட், அடுத்த இரண்டு மாதம் 560 யூனிட். தனித்தனியாகக் கணக்கெடுத்திருந்தால் 800 ரூபாயும் 2,126 ரூபாயும் சேர்ந்து 2,926. பிரித்துப் போட்டால் 480, 480. ஒவ்வொன்றுக்கும் 1,040 வீதம் 2,080 ரூபாய்தான். 846 ரூபாய் மிச்சம்.

இரண்டாவது வீடு. முதலில் 480, அடுத்து 560. தனித்தனியாக என்றால் 1,040-ம் 2,126-ம் சேர்ந்து 3,166. பிரித்தால் 520, 520. இரண்டுமே 500-ஐத் தாண்டிவிட்டன! ஒவ்வொன்றும் 1,862, மொத்தம் 3,724. இங்கே 558 ரூபாய் நஷ்டம்.

ஒரே விதி, பக்கத்து பக்கத்து வீடு, ஒருவருக்குச் சலுகை, ஒருவருக்குத் தண்டனை. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இரண்டாவது வீட்டுக்காரர் கோபப்பட்டதிலும் தப்பில்லை. குறை அந்த 500 என்ற படிக்கட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கட்டணங்கள் மாறிவிட்டன, மேலே சொன்ன விலைகள் இப்போது இல்லை. ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்களுக்கும் விலை ஏறும் வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது.

மின்வாரியங்கள் கொழுத்தன என்றும் நினைக்க வேண்டாம். தொழிற்சாலைகளும் கடைகளும் கொடுக்கும் கூடுதல் விலையில்தான் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மலிவாகக் கொடுக்க முடிகிறது. அந்த வாடிக்கையாளர்கள் மூடிவிட்டார்கள், மலிவு விலைக்காரர்கள் கூடுதலாக இழுத்தார்கள். நாடு முழுவதும் வாரியங்கள் தடுமாறவே, 2020 மே மாதம் மத்திய அரசு 90,000 கோடி ரூபாய் கடன் உதவி அறிவித்தது.

ஒன்பது நிமிடம்

ஊரடங்கு மின்சாரக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, இரவு 9 மணி. ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றச் சொல்லிப் பிரதமர் கேட்டிருந்தார். அதன் அரசியல் நமக்கு வேண்டாம். இன்ஜினியரிங்கைப் பார்ப்போம்.

மின்சாரத்தைத் தொட்டி கட்டிச் சேர்த்து வைக்க முடியாது. இந்த நொடி எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவுதான் இந்த நொடி உற்பத்தி ஆக வேண்டும். செலவு திடீரெனக் குறைந்தால் ஜெனரேட்டர்கள் வேகமெடுக்கும். 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அதிர்வெண் மேலே போகும். மிகவும் மேலே போனால் நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக் கொள்ளத் தாமாகவே கழன்று கொள்ளும். ஒன்று கழன்றால் அடுத்தது, அடுத்தது. முடிவில் நாடே இருட்டு.

இதைத் தடுக்கும் பொறுப்பு அப்போது பொசோகோ என்ற நிறுவனத்திடம் இருந்தது. (2022 முதல் அதன் பெயர் கிரிட் இந்தியா.) 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணக்கிட்டுத் தயாரானார்கள். உண்மையில் குறைந்தது எவ்வளவு தெரியுமா? 31,000 மெகாவாட்டுக்கும் மேல்! 1,17,000 மெகாவாட் அளவில் இருந்த தேவை, 25 நிமிடத்துக்குள் 86,000-க்கும் கீழே இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது.

காப்பாற்றியது தண்ணீர். நிலக்கரி நிலையத்தைக் குறைப்பது பெரிய பாய்லரில் சோறு வடிப்பது மாதிரி, மெதுவாகத்தான் நடக்கும். ஓரளவுக்குக் கீழே இறக்கவும் முடியாது. நீர் மின்நிலையம் அப்படியல்ல. குமுளி போகும் வழியில் லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாறு தண்ணீர் அதில் இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. வால்வை மூடினால் நிமிடங்களில் குறையும், திறந்தால் நிமிடங்களில் ஏறும். நம் மலைக்கு அந்தப் பக்கம் மூலமற்றத்தில் இருக்கும் 780 மெகாவாட் இடுக்கி நிலையமும் இதே ஜாதிதான்.

இப்படிப்பட்ட நிலையங்களை நாடு முழுவதும் பயன்படுத்தினார்கள். சாயங்காலமே தண்ணீரைச் சேமித்து வைத்து, எட்டு மணிக்கு மேல் நிலக்கரியை மெல்லக் குறைத்து, அந்த இடத்தில் நீர் மின்சாரத்தை ஏற்றினார்கள். குறைக்க வேண்டுமானால் முதலில் கையில் இருக்க வேண்டுமல்லவா? பிறகு ஒன்பது மணியை ஒட்டி 17,500 மெகாவாட் அளவுக்கு அதை இறக்கினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. எதுவும் கழன்று கொள்ளவில்லை.

அந்த நாட்களில் “கம்ப்யூட்டர் புகைந்துவிடுமா?” என்று பலர் பயந்தார்கள். முதல் நாளே மின்துறை அமைச்சகம் தெளிவாகச் சொன்னது: விளக்கை மட்டும் அணையுங்கள், பேன், பிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடட்டும். உண்மையில் கம்ப்யூட்டர் அதிர்வெண்ணைப் பற்றிக் கவலைப்படவே படாது. எஸ்.எம்.பி.எஸ். வந்த மின்சாரத்தை முதல் வேலையாக டி.சி.யாக மாற்றிவிடுகிறது. உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸிலும் ஓடும் பெட்டிக்கு 50.26 ஒரு பொருட்டல்ல. வோல்டேஜ் விஷயத்தில்தான் ஜாக்கிரதை தேவை. நீளமான லைனில் லோடு குறைந்தால் வோல்டேஜ் ஏறும். ஊரடங்கு நாட்களில் சில உயர் அழுத்த லைன்களையே இதற்காக நிறுத்தி வைத்தார்கள்.

வெளிநாடுகளிலும் வினோதங்கள் நடந்தன. வார நாள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆனது. காலையில் அலாரம் வைத்து எழுந்து அலுவலகம் ஓட வேண்டியதில்லை என்பதால் பல நகரங்களில் காலை மின்தேவை தாமதமாகவே ஏறியது. பிரிட்டனில் தேவை குறைந்ததால் நிலக்கரி நிலையங்களை ஓட்ட வேண்டியே வரவில்லை. 2020 ஏப்ரல் 10 முதல் ஜூன் 16 வரை, 67 நாட்கள் தொடர்ந்து நிலக்கரி மின்சாரம் இல்லாமல் ஓட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஊரடங்கு போய்விட்டது. வீட்டில் இருந்து வேலை, வீட்டில் இருந்து படிப்பு என்பது பாதியாவது நின்றுவிட்டது. எனவே ஒரு சின்ன ஒர்க் ஷீட் தயார் செய்து வைத்துக் கொள்ளுங்கள். எக்செல் திறந்து, முதல் நெடுவரிசையில் சாதனத்தின் பெயர், இரண்டாவதில் வாட்ஸ், மூன்றாவதில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று டைப் செய்திடுங்கள். நான்காவது செல்லில் சமக் குறி போட்டு, வாட்ஸ் செல்லைக் கிளிக் செய்து, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, பிறகு மணி செல்லைக் கிளிக் செய்து, 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லாச் சாதனத்துக்கும் விடை வந்துவிடும். அவ்வளவுதான்! கடைசியில் கூட்டினால் இரண்டு மாத யூனிட். 460, 470 என்று வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

குறைக்க வேண்டுமானால் முதலில் பேனைப் பாருங்கள். பி.எல்.டி.சி. பேன் 30 வாட்ஸ் அளவில் ஓடும், 45 யூனிட் 18 ஆகும். அடுத்து கம்ப்யூட்டர். ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். படாது. மானிட்டர் எரிந்து கொண்டுதான் இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், ஐந்து நிமிடத்தில் திரை அணைவது போலவும், பதினைந்து நிமிடத்தில் ஸ்லீப் போவது போலவும் செட் செய்திடுங்கள்.

மலைச் சரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை மழைக்கு முன் வரும் காற்றில் மரக்கிளை விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் என்றால் பேட்டரி தாங்கும். டெஸ்க்டாப் வைத்திருந்தால் யூ.பி.எஸ். கட்டாயம். 600 வி.ஏ. யூ.பி.எஸ். பைலைச் சேமித்து ஒழுங்காக ஷட் டவுன் செய்யும் நேரம் தரும், நாள் முழுக்க வேலை செய்ய அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை இணைத்திருந்தால், அதன் பின்புறம் ‘யூ.பி.எஸ். மோடு’ சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் மின்சாரம் போன கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், டைப் செய்தது போய்விடும். மோடத்தையும் அதே லைனில் போட மறக்காதீர்கள்.

ஏலக்காய் வியாபாரிகளுக்கும் இந்தக் கவலை புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. 2021 தொடக்கத்தில் நறுமணப் பொருள் வாரியம் ஏலத்தைக் கிளவுட் முறைக்கு மாற்றியது. மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில் நடக்கும் ஏலத்தில், இந்தப் பக்கம் போடி மையத்தில் உட்கார்ந்தபடியே விலை கேட்கலாம். அங்கே போடி ஏலத்தையும் அப்படியே. எல்லை மூடிய மாதங்களில் இது இருந்திருந்தால் எவ்வளவோ காய் நகர்ந்திருக்கும். இப்போது அந்த அறையில் இரண்டு நிமிடம் மின்சாரமோ இணைப்போ போனால், கை நழுவுவது யூனிட் அல்ல, ஒரு லாட் காய்.